அந்தப் பக்கம் பிடிக்கிற ஆள்

நைனா என் முகத்தை முதன்முதலாகப் பார்த்தபோது நாங்கள் பழகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அவர் என்னிடம் பேசியதெல்லாம் என் சட்டைப் பொத்தானிடமோ, என் தோளுக்குப் பின்னால் இருந்த ஏதாவது ஒரு ஜன்னலிடமோதான். 'உன் மூஞ்சியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்கிறாள். ஆனால் நைனா என்னை மட்டுமல்ல, யாரையுமே பார்க்க மாட்டார்.

ராயபுரத்தில் எங்கள் சந்தின் கோடியில் அவர் வீடு. ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவது தொழில். சந்துக்கே அவர் நைனாதான். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை. அவருக்கும் மற்றவர்கள் பெயர் தேவைப்படவில்லை. ஆட்களை அவரவர் ஜன்னலை வைத்துத்தான் சொல்வார். கோணச் சட்டத்து ஆத்தா. பச்சைக் கண்ணாடி டாக்டர். துருப்பிடிச்ச கம்பி. என் வீட்டில் கண்ணாடி ஜன்னலே கிடையாது, ஒரு ஓட்டைதான். அதனால் வெகுநாள் அவர் கணக்கில் நான் பிறக்கவே இல்லை.

ஏன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று கேட்டால் தொழில் என்பார்.

"கண்ணாடி போட்றவன் கண்ணு கண்ணாடியோட நிக்கணும். அத்தத் தாண்டி உள்ள போச்சுன்னா அவன் திருடன்."

நியாயம்தான். ஏணி வைத்து மாடி ஜன்னலில் வேலை செய்கிறவனுக்கு உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். அழுகை தெரியும், அடி தெரியும். ஒரு கண்ணாடிக்காரன் பார்த்ததையெல்லாம் வெளியே சொல்ல ஆரம்பித்தால் ராயபுரத்தில் பாதிக் குடும்பம் மூலக்கொத்தளத்துச் சுடுகாட்டுக்கு வண்டி கட்ட வேண்டியதுதான்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்காரர் வீடு. நைனா வெளியே நின்று கண்ணாடி பொருத்திக்கொண்டிருக்கிறார். உள்ளே புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. இவர் லப்பம் பூசி முடித்துக் கையைத் துடைக்கிற நேரத்தில் ஒரு பித்தளைச் செம்பு புதுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து காலடியில் விழுந்தது. நைனா செம்பை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். சில்லுகளைப் பொறுக்கினார். அதே சட்டத்தை மறுபடியும் அளந்தார். மறுநாள் டீக்கடையில் நாங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டோம்.

"இன்னா நைனா, இன்னா சண்டையாம்? யாரு யார அடிச்சாங்கோ?"

"மேல் கட்டை வளைஞ்சு கீது," என்றார் நைனா. "அத்த இழைக்காத எத்தினி கண்ணாடி போட்டாலும் நிக்காது."

அதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை. டீக்கடையே சபித்தது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று, கண்ணாடியைச் சட்டத்தில் உட்கார்த்தி, சின்ன ஆணி அடித்து, சுற்றிலும் லப்பத்தை வைத்துக் கத்தியால் இழுப்பார். சுண்ணாம்புத் தூளை எண்ணெயில் பிசைந்த மாவுதான் லப்பம். அதுவரை கண்ணாடி விழாமல் இன்னொருவர் வீட்டுக்குள் நின்று விரல்களால் தாங்கிப் பிடிக்க வேண்டும். நைனாவுக்கு அந்தப் பக்கம் பிடிக்கிற ஆள் அவருடைய மகன். மீசை வந்த நாளிலிருந்து உள்ளே நின்றவன். எனக்குக் கூட்டாளி, என்னைவிட ஒரு வயது சின்னவன். எங்கள் சந்தில் என் நகைச்சுவைக்கு யாராவது சிரித்தார்கள் என்றால் அது அவன்தான். சிரித்தால் கன்னத்தில் குழி விழும்.

எண்ணூரில் ஒரு பங்களாவில் வேலை செய்தபோது கண்ணாடி சரிந்து அவனுடைய ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. அதையும் அவன் சிரிப்பாகத்தான் சொன்னான்.

"எங்கப்பன் என் மூஞ்சிய பாத்ததே இல்ல மாமு. கண்ணாடில ஒட்டிகினு கீற பத்து வெரலத்தான் பாத்துகினு கீறாரு. நாளிக்கு என் எடத்துல வேற எவனையாச்சும் நிக்க வெச்சாலும் தெரியாது. இப்ப ஒரு வெரலு கம்மியா கீது பாரு, இனிமே கரெக்டா கண்டுபுடிச்சுடுவாரு."

நான் சிரித்தேன். அந்த வயதில் எதற்கும் சிரிக்கலாம்.

உள்ளேயே நின்று அவனுக்கு அலுத்துவிட்டது. "அடுத்தவன் வூட்டு உள்ள நின்னுகினு வெளிய பாக்கறதே ஒரு பொழப்பா?" என்றான். கப்பலில் கரி அள்ளிப்போடும் வேலைக்குச் சேர்ந்தான். உலகச் சண்டை அப்போது வேறு தேசத்துச் சமாசாரம். துறைமுகத்து வாசலில் அவன் அம்மா கதறினாள். மீன் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்திருந்தாள், கையெல்லாம் செதில். நைனா மகனுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கைய பாத்துக்கோ," என்றார்.

அவ்வளவுதான் அப்பன் சொன்னது.

மகனுடைய படம் ஒன்று வீட்டில் கிடையாது. அந்த அம்மாள் விட்டதில்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது அவளுடைய கட்சி. கடலுக்குப் போகிற குடும்பங்களில் பலருக்கு அந்த பயம் உண்டு. செத்தவர்களுக்குத்தான் படம். உயிரோடு இருக்கிறவனை எதற்குக் கண்ணாடிக்குள் வைப்பது?

அப்புறம் சண்டை எங்கள் பக்கம் வந்துவிட்டது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஒரே வாரத்தில் பட்டணம் காலியானது. படுக்கையும் பானையுமாக ஜனங்கள் ரயிலுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. வீரம் இல்லை, ஓடிப்போக எனக்கு ஒரு ஊர் கிடையாது. பகலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை. அந்தி சாய்ந்தால் ஏ.ஆர்.பி. வார்டன், அதாவது விமானக் குண்டுக்குக் காவல். ஜப்பான்காரனை எதிர்க்க எனக்குத் தந்த ஆயுதங்கள் ஒரு தகரத் தொப்பி, ஒரு விசில். தொப்பி பெரிது. விசிலை ஊதினால் நழுவி வந்து கண்ணை மூடிக்கொள்ளும். இருட்டடிப்பு என்றால் இதுதான் என்று ஜனங்கள் சொன்னார்கள்.

என் வேலை, மேலே பறக்கிறவனுக்கு ஊர் தெரியாதபடி, விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு வீடாகப் போய் ஜன்னலில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது. ஜன்னல் சம்பந்தப்பட்ட ஆள் ஆகிவிட்டதால் நைனா கணக்கில் நான் பிறந்தேன். பெயர்கூட வைத்தார். தொப்பி.

ஊரில் புதுக் கண்ணாடி இல்லை. சீமையிலிருந்து வர வேண்டிய சரக்கு வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருந்த போட்டோக்காரர் ஊரைவிட்டுக் கிளம்பினார். அந்தக் காலத்தில் நெகட்டிவ் என்பது பிலிம் இல்லை, கண்ணாடி. மருந்து பூசிய கண்ணாடித் தட்டு. பெட்டி பெட்டியாகப் பிளேட்டுகள் வைத்திருந்தார். வண்டியில் இடமில்லை.

"நைனா, இத்த எல்லாம் நீயே எடுத்துக்க. குண்டு வுழுந்தா தூளாப் போறதுதானே. கழுவினா நல்ல கண்ணாடி."

நைனா எடுத்துக்கொண்டார். முற்றத்தில் அடுப்பு மூட்டி, அண்டாவில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, ஒவ்வொரு பிளேட்டாக முக்கித் தேங்காய் நாரால் தேய்த்தார். மேலே இருந்த படம் கறுப்புக் கூழாக வழிந்து சாக்கடைக்குப் போனது. நான் தொப்பியோடு போய் நின்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, தூங்கிகினே வேல செய்றே?"

"யாரு யாரோ குந்தினு கீறாங்கோ தொப்பி. கல்யாணம் கட்னவங்கோ, கொழந்தைங்கோ. மூஞ்சிய பாத்துட்டா கை வராது."

எல்லாவற்றையும் அவர் கழுவவில்லை. இருட்டடிப்புக்கு ஜன்னலைக் கறுப்பாக்க வேண்டியதுதானே, கழுவுவானேன்? உடைந்த ஜன்னல்களுக்குப் பல பிளேட்டுகளைக் கழுவாமலே வெட்டிப் போட்டார். படம் இருக்கிற பக்கத்தை நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார், லேசாக ஒட்டும். அந்தப் பக்கத்தை வீட்டுக்குள் பார்க்க வைத்து, அதன் மேல் விளக்குக் கரியை வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பூசிவிடுவார். வெளிப்பக்கம் பூசினால் மழை கரைத்துவிடும், உள்பக்கம்தான் பூச வேண்டும். அது தொழில் தெரிந்தவன் செய்கிற முறை. உள்ளே நின்று பிடிக்க ஆள் இல்லாததால் சில வீடுகளில் நானே பிடித்தேன். அப்போதும் அவர் என் விரல்களைத்தான் பார்த்தார். "வெரல அமுக்காத தொப்பி, என் புள்ள பூ மாரி புடிப்பான்," என்பார்.

பிறகு ஒருநாள் கப்பல் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். கப்பல் போய்ச் சேரவில்லை என்றார். மூழ்கியதா என்று கேட்டோம். தெரியாது, போய்ச் சேரவில்லை என்றார். வேறு எதுவும் சொல்லும்படி அவரை அனுப்பவில்லை.

அந்த அம்மாள் முதலில் அழவில்லை. சந்துக்காரர்கள் அழுதபோது அவர்களைத் திட்டினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போனாள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன் சிரிக்காத. எம்புள்ளைக்கு எந்தப் பக்கம் குழி வுழும்?"

"இடது பக்கம்மா."

"எதிர்வூட்டுக்காரி வலதுன்றாளே."

"அவ கெடக்கறா."

"எனக்குத் தெரியலடா," என்றாள். அவள் முகம் அப்படியே ஒடிந்தது. "பெத்தவ எனக்குத் தெரியல. கண்ண மூடினா வர்றான், நடக்கறான், அம்மான்றான், சொக்கா கூட தெரியுது. மூஞ்சி மட்டும் தண்ணில போட்ட மாரி அலையுது. தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமா போவுது. போனது போவட்டும், மூஞ்சிய ஏன் எடுத்துகினு போறான்?"

உள்ளே நைனா லப்பம் பிசைந்துகொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"யோவ், உன்னத்தான்! நீயாச்சும் சொல்லு, எந்தப் பக்கம்?"

நைனாவின் கை நின்றது.

"அவன் கை தெரியும்," என்றார்.

"கை! கைய வெச்சுகினு நான் இன்னா பண்றது!"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தினமும் இதுதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மூக்கு எப்படி, புருவம் எப்படி என்று கேட்பாள். நாங்களும் சொல்வோம். மாநிறம், சுருட்டை முடி, அகல நெற்றி. சொல்லச் சொல்ல அது ராயபுரத்தில் யாருடைய முகமாகவும் இருக்கலாம் என்று எங்களுக்கே தெரிந்தது. நான் இடது என்று சத்தியம் செய்வேன். எதிர்வீட்டுக்காரி வலது என்று தலையிலடிப்பாள். பேசிப் பேசி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சண்டை முடிந்தது. ஓடியவர்கள் திரும்பினார்கள், போட்டோக்காரரும் வந்தார். ஸ்டூடியோவைக் கூட்டிப் பெருக்கிவிட்டு நைனாவைப் பார்க்க வந்தார். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"உன் புள்ள எங்க நைனா? அவன் படம் ஒண்ணு என்னாண்ட நின்னு போச்சு. கப்பல் ஏர்றதுக்கு மொத நாளு வந்து புடிச்சுகினான். 'எங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது, திரும்பி வந்து நானே குடுக்கறேன், ஆயுசு கொறையலன்னு காட்றேன்'னான். வரவே இல்ல."

அந்த அம்மாள் உள்ளிருந்து ஓடி வந்தாள்.

"குடுய்யா! அத்த எங்க? குடு!"

"காகிதத்துல போடலம்மா. பிளேட்டு மட்டும்தான். அது..." போட்டோக்காரர் நைனாவைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே புரிந்தது. குரல் இறங்கியது. "அது அந்தப் பெட்டிங்கள்லதான் இருந்துது நைனா. ஓட்ற அவசரத்துல எது பழசு எது புதுசுன்னு நான் பாக்கல."

நைனா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கைகள் தேய்த்த பிளேட்டுகள் எத்தனையோ. எந்த முகம் எந்த நிமிஷம் சாக்கடைக்குப் போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாள் அவரை அடித்தாள். முதுகில், தோளில், கை ஓயும்வரை அடித்தாள். அவர் நகரவில்லை.

அடி நின்றபிறகு சொன்னார்: "எல்லாத்தையும் கழுவல. கறுப்பு பூசினது கீது."

அன்றைக்கே கிளம்பினார். நானும் போனேன். கழுவாமல் போட்ட ஒவ்வொரு கண்ணாடியும் எந்த வீட்டில், எந்தச் சட்டத்தில் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் ஊர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சண்டை முடிந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வீடு ஜன்னலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஈரக் கோணியை வைத்துத் தேய்த்தால் கறுப்பு கரைந்து போகும். கறுப்போடு அதன் அடியில் இருந்த படமும் வழன்று போகும். தொழில் முறைப்படி படத்தின் மேலேயே பூசியிருந்தாரே. வெளிப்பக்கம் தப்பாகப் பூசியிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும்.

எண்பது வயதுக்காரர்போல நடக்கிற நைனா ஓடினார். சந்து சந்தாக ஓடி, சுரண்டுகிறவர்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

"தாயே, கைய வெக்காத. நான் சும்மாவே எடுத்துத் தரேன். தண்ணி மட்டும் போடாத."

"கெயவனுக்கு இன்னா ஆச்சு? நாலு வருசம் இருட்ல கெடந்தோம், வெளிச்சம் வந்தா புடிக்கலியா?"

தண்ணீர் படாமல், மூங்கில் சிம்பால் நகத்தளவு நகத்தளவாகக் கரியை உதிர்த்தால் மட்டுமே அடியில் இருப்பது பிழைக்கும் என்று முதல் சில வீடுகளில் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டோம். கரிக்கு அடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நெகட்டிவ் அல்லவா, கறுப்பு முகமும் வெள்ளை முடியும். பெண்கள் பேய் என்று அலறினார்கள். ஒரு கல்யாண ஜோடி வந்தது. தொப்பி வைத்த போலீஸ்காரர் வந்தார். தொட்டிலில் ஒரு குழந்தை வந்தது. யானைக்கவுனியில் ஒரு மளிகைக்காரருடைய படுக்கையறை ஜன்னலிலிருந்து அவருடைய மாமியாரே வந்தார். சண்டைக் காலம் முழுக்க அந்த மாமியார் அங்கேதான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மளிகைக்காரர் அன்று கடை திறக்கவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நைனா அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது அவர் முகங்களைப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு முகமும் கரிக்குள்ளிருந்து மேலே வரும்போது மூக்கு கண்ணாடியில் படுகிறமாதிரி குனிவார். பார்த்துவிட்டு என்னிடம் காட்டுவார். "இதுவா?" அப்பன் கேட்கிறார், மகன் இவனா என்று. நான் இல்லை என்று தலையாட்டுவேன். மாலையில் வீட்டுக்குத் திரும்பினால் வாசலிலேயே அந்த அம்மாள் நிற்பாள். எங்கள் கைகளைத்தான் பார்ப்பாள். காலியாக இருக்கும். உள்ளே போய்விடுவாள்.

ஒவ்வொரு வீடாகத் தீர்ந்துபோய்க் கடைசியாகத் திருவொற்றியூரில் ஒரு வீடு மிச்சம். காலாடிப்பேட்டை தாண்டி உள்ளே. அங்கே ஒரே ஒரு கண்ணாடி. வீடு கண்ணில் பட்டதும் ஓடினார்.

ஜன்னலுக்கு உள்ளே அந்த வீட்டுக்காரப் பெண் கோணியோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் தண்ணீர் வாளி.

"அடியே, வுடு! வுடு!"

அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது. அந்தப் பெண் பயந்து கோணியைப் போட்டுவிட்டு நகர்ந்தாள். ஆனால் மேல் பாதி முடிந்துவிட்டது. மேலே சுத்தமான கண்ணாடி, பளபளவென்று. கீழே கரி. நடுவில் ஒரு கறுப்புத் தண்ணீர் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. நைனா வெளியே நின்றபடியே தன் வேட்டி முனையைக் கண்ணாடிமேல் வைத்து அதை நிறுத்தப் பார்த்தார். அது உள்பக்கம் வழிகிறது.

"தொப்பி, உள்ள போ. மேல ஒத்தி எடு. கீழ எறங்காம பாத்துக்கோ. காய்ஞ்சதும் மிச்சத்த உதிரு."

நான் உள்ளே போனேன். சட்டைத் துணியால் ஒற்றினேன். காய்கிற நேரத்தில் அவர் வெளியே லப்பத்தைப் பெயர்த்து ஆணிகளைக் கழற்றினார், கண்ணாடியை நான் ஒரு கையால் தாங்கிப் பிடித்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். பிறகு மூங்கில் சிம்பை எடுத்துக் கீழ்ப்பாதியை உதிர்க்க ஆரம்பித்தேன். ஒரு சட்டையின் பொத்தான் வந்தது. நாற்காலியின் கை வந்தது. மடிமேல் கோத்து வைத்த இரண்டு கைகள் வந்தன. புதுச் சட்டை போட்டுப் படம் பிடித்துக்கொள்ள வந்த ஒரு பையனுடைய கைகள். அதில் ஓர் ஆள்காட்டி விரல் குட்டை.

நைனா வெளியிலிருந்து அந்த விரல்மேல் தன் விரலை வைத்தார். நடுவில் கண்ணாடி.

"அவன்தான்," என்றார்.

அந்த விரலிலிருந்து அவருடைய கண் மெதுவாக மேலே ஏறியது. மணிக்கட்டு, முழங்கை, பொத்தான், தோள். காலர்வரை படம் இருந்தது. காலருக்கு மேல் ஒன்றுமில்லை, கழுவிய கண்ணாடி. அந்த வெறும் கண்ணாடிக்குப் பின்னால், காலருக்குச் சரியாக மேலே, பிடித்துக்கொண்டு நின்ற என் தலை இருந்தது.

அப்போதுதான் நைனா என் முகத்தைப் பார்த்தார். இமைக்காமல் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். நகர்ந்துவிடலாம் என்றால் கண்ணாடி விழுந்துவிடும்.

"கொஞ்சம் சிரி தொப்பி," என்றார்.

ஊரையே சிரிக்கவைக்கிறதாக நினைத்துக்கொண்டிருப்பவன் நான். பிணம் விழுந்த வீட்டில்கூட எனக்குச் சிரிப்பு வரும். அன்று வாயை இரண்டு பக்கமும் இழுத்துத்தான் பார்த்தேன். எங்கேயோ போய் நின்றது.

கண்ணாடியைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ராயபுரம்வரை நடந்தே வந்தார். அந்த அம்மாளிடம் கொடுத்தார். அவள் துணியை விலக்கினாள். கைகளைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். அவள் அன்று அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் நைனா தன் வீட்டுத் தெரு ஜன்னலில் ஒரு சட்டம் அடித்து அந்தக் கண்ணாடியைப் பொருத்தினார். அவர் வீட்டில் அதற்கு முன் கண்ணாடி ஜன்னல் இருந்ததில்லை. உள்ளே நின்று பிடித்தது நான்தான். பூப்போலப் பிடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நைனா பெரிய வேலை எதுவும் எடுக்கவில்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் முகத்தையெல்லாம் நின்று உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். பெண்கள் புகார் சொன்னார்கள். மீன் பிடிக்கிற பையன்கள் "இன்னாத்துக்கு மொறைக்கிறே?" என்று சட்டையைப் பிடித்தார்கள். பார்க்காமலே விட்டுவிட்டதையெல்லாம் ஒரேயடியாகப் பார்த்துவிடப் போகிறவர்போல இருந்தார். பார்த்து என்ன கிடைத்தது என்று தெரியாது. ஒரு மழைக்காலத்தில் போய்ச்சேர்ந்தார். அவருக்கும் படம் கிடையாது.

அந்த அம்மாள் அதற்கு மேலும் சில வருஷம் இருந்தாள். தினமும் காலையில் நான் வேலைக்குப் போகிற நேரத்துக்கு ஜன்னலுக்கு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவாள். நான் வெளியே நின்று, கொஞ்சம் குனிந்து, காலருக்கு மேல் தலை சரியாக வருகிறபடி நிற்பேன். மழை பெய்தாலும் நிற்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, பைத்தியத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

"சிரிடா," என்பாள் அந்த அம்மாள்.

சிரிப்பேன். எனக்கு எந்தக் கன்னத்திலும் குழி கிடையாது. பிறந்ததிலிருந்தே கிடையாது. அவள் கண்ணாடிக்குக் கிட்டே வந்து இந்தக் கன்னத்தைப் பார்ப்பாள், அந்தக் கன்னத்தைப் பார்ப்பாள். பிறகு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வாள்:

"இடது பக்கந்தாண்டி."